யாமினி அனுப்பிய படம்

"அந்தப் பாம்புப் படத்தை எடுத்துடுங்க மேடம். இல்லன்னா, விஷமில்லாத பாம்புன்னு மாத்திப் போட்டுடுங்க."

ஸ்னேஹா நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பெயர் ஜெயவேலு. வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு லேஅவுட்டில் வீடு. ஆஸ்டின் டவுனில் இருக்கும் இந்தச் சின்ன ஆபீஸைத் தேடிப்பிடித்து வந்திருக்கிறார்.

பொதுமக்கள் போனில் எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்து, அது என்ன பாம்பு என்று சொல்வதுதான் ஸ்னேஹாவின் வேலை. எந்த ஏரியாவில் எந்தப் பாம்பு என்ற விவரம் அங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்கும் போகும்.

"படத்தை அனுப்பினது யாமினின்னு இருக்கே?"

"என் பொண்ணுதான். காலேஜ்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களாம். நேத்து அனுப்பியிருக்கா. பதில் வந்துச்சான்னு போனையே பார்த்துக்கிட்டிருக்கா."

"இன்னும் அனுப்பலை. இப்பதான் பார்த்து முடிச்சேன். அது கட்டுவிரியன் சார். கடிச்சா உயிரே போயிடும். அதைப் போய் மாத்தச் சொல்றீங்க?"



ஸ்னேஹாவுக்கு இந்த மாதிரி ஆட்கள் புதிதில்லை. போன வாரம்தான் ஒரு அபார்ட்மென்ட் செகரட்டரி வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். பாம்பு இருக்கிறது என்று தெரிந்தால் ஃப்ளாட் விலை போகாதாம்.

"என்ன, வீட்டை விக்கப் போறீங்களா?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"உங்க தெருவுல குழந்தைங்க இல்லையா? நாளைக்கு ஒண்ணு கடிபட்டா, பக்கத்து ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து தயாரா இருக்கணும். அதுக்குத்தான் நாங்க இங்கே உட்கார்ந்திருக்கோம். நாலு காசுக்காக இதை மறைக்கச் சொல்றீங்களே, வெட்கமா இல்ல?"

ஜெயவேலு மெதுவாகத் தலையாட்டினார்.

"நியாயம்தான் மேடம். நான் அவ்வளவு தூரம் யோசிக்கலை. எதிர்வீட்டுலயே ரெண்டு குழந்தைங்க இருக்கு. உங்க கணக்குல கட்டுவிரியன்னே இருக்கட்டும். என் பொண்ணு போனுக்கு மட்டும் அந்தப் பேர் போக வேணாம்."

"ஏன் சார்?"

"அது எங்க வீட்டு ஹால்ல எடுத்த படம். தீபாவளிக்கு முன்னாடி. எங்கிருந்தோ வந்துடுச்சு. என் சம்சாரம் பயந்துட்டா. யாமினிதான் நெட்ல எதையோ தேடிப் பார்த்துட்டு, 'இது ஒண்ணும் பண்ணாதும்மா, நீ போய்ப் படு'ன்னு தைரியம் சொன்னா. பாம்பு எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியலை. என் சம்சாரமும் எப்பவும் போல தரையில பாயை விரிச்சுப் படுத்துட்டா."

ஸ்னேஹா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"விடியறப்ப வயித்துவலின்னா. இமையைத் தூக்க முடியலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, பாம்புக்கடிதான்னு சொன்னாரு. கடிச்ச இடம்கூடத் தெரியலை. வெளியே வந்து ஹார்ட் அட்டாக்னு சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் யாமினி அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கா."

ஸ்னேஹாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். லேஅவுட்டின் பெயரைப் போட்டு, அதன் எதிரே 'கட்டுவிரியன்' என்று பதிந்தாள்.

பிறகு யாமினியின் படத்தை மறுபடி திறந்தாள். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகள், விரலால் தொட்டு எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவாக இருந்தன.

அதற்குக் கீழே பதிலை டைப் செய்து அனுப்பினாள்:

"படம் தெளிவாக இல்லை. என்ன பாம்பு என்று சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும். எதற்கும் வீட்டில் யாரும் தரையில் படுக்க வேண்டாம்."