பதினான்கு மணி நேர நாற்காலி

"பிளேன் கிளம்பியாச்சு. இனி யாரும் என்னை எழுப்பாதீங்க!"

சொல்லிவிட்டுத் தையற்காரம்மா சமையலறை நாற்காலியில் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது காலை மணி ஆறு.

பெல்ட் என்றால், கணவருடைய பழைய பேன்ட் பெல்ட். இரண்டு பக்கமும் துணி மூட்டைகள். விமானத்தில் இருக்கை பதினேழு அங்குலம்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டேப்பால் அளந்து இடத்தைக் குறுக்கியிருந்தாள். வீம்பு என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"பதினாலு மணி நேரம் அம்மாவால உட்கார முடியாதுன்னு உங்க பிள்ளைதானே சொன்னான்? முப்பது வருஷமா மிஷின் முன்னாடி உட்கார்ந்துதான் அவனை ஆளாக்கினேன். எனக்கா உட்காரத் தெரியாது?"

"அவன் சொன்னதுல என்ன தப்பு? பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்! முட்டி ரெண்டும் வீங்கிப் போயிடும். அவனே லீவுல வரப்போறான்."

"அஞ்சு வருஷமா வரப்போறான்."

கண்டக்டருக்குச் சுருக்கென்றது. மகனை ஒரு வார்த்தை சொன்னால் தாங்காது அவருக்கு.

"நமக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன். அவனைப் போய்க் கரிச்சுக் கொட்டாதே."

"அவன் ஒருத்தன்" என்றதும் அவள் பெல்ட்டை இன்னொரு துளை இறுக்கிக்கொண்டாள்.

"சரி, ராத்திரி எட்டு வரைக்கும் உட்கார்ந்து காட்டு. நானே அவன்கிட்ட டிக்கெட் போடச் சொல்றேன்" என்று சவால் விட்டார். மதியத்துக்குள் எழுந்துவிடுவாள் என்பது அவர் கணக்கு.

எழவில்லை. பாத்ரூமுக்குப் போனவள் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து மறுபடியும் பெல்ட்டைப் பூட்டினாள். சாப்பாட்டுத் தட்டை நீட்டியவரிடம், "கொஞ்சம் சிரிச்ச முகமா குடுங்க. பிளேன்ல அப்படித்தான் குடுப்பாங்களாம்" என்றாள். அவருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சாயங்காலம் முட்டி நிஜமாகவே வீங்கிவிட்டது. வலியில் கண் கலங்கியது. போதாக்குறைக்கு மகன் போனில் வந்தான்.

"அம்மா, இந்த வயசுல எதுக்கு இந்தப் பிடிவாதம்? என்னைப் பார்க்காம இருக்க முடியலையா?"

"போனை வைடா. பிளேன்ல பேசக் கூடாது."

மணி எட்டு அடித்தது. கண்டக்டருக்கு ரோஷமெல்லாம் போய், பெண்டாட்டியை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

"ஊர் வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க! நீ ஜெயிச்சுட்டே, எழுந்திரு" என்று கையை நீட்டினார்.

அவள் அசையவில்லை.

"இது உங்க பிள்ளை ஊரு. இங்கே நான் பிளேன் மாறுறேன், அவ்வளவுதான். நான் இறங்க இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு."

"அதுக்கும் அப்பால நமக்கு யாருடி இருக்கா?"

"நீங்க தலைமுழுகின பொண்ணு இருக்கா. நான் முழுகலை."