கோணல் ரயில்

எல்.கே.ஜி. பெற்றோர் கூட்டத்தில், சாவித்திரி மிஸ் முப்பது அட்டை ரயில்களை மேசையில் பரப்பினார்.

"பிள்ளைங்களே செய்யட்டும்னுதானே சொன்னேன்? எல்லாம் கடைச் சரக்கு மாதிரி இருக்கு! இது ஒண்ணுதான் பிள்ளை செஞ்சது. சக்கரம் கோணல், பசை வழியுது. பரிசு ஜோஸுக்குத்தான்! ஜோஸ் அப்பா, எப்படிப் பழக்கினீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில், லேத்தில் நூல் பிசகாமல் இரும்பு கடையும் ஜோஸின் அப்பா அமல்ராஜ் எழுந்தார்.

"நாம குறுக்கே போவக்கூடாது மிஸ். தப்பா வந்தாலும் புள்ளையே வெட்டணும், புள்ளையே ஒட்டணும்."

கைதட்டல் அடங்குவதற்குள், பக்கத்தில் நின்ற ஜோஸ், பரிசாக வந்த கிரேயான் டப்பாவை அப்பாவின் கையில் திணித்தான்.

"நீயே வெச்சுக்கப்பா. நேத்து பூரா கத்திரிக்கோலை என்னாண்ட குடுக்காம நீதானே குந்திகினு ஒட்டினே! மிஸ், எங்கப்பாவுக்கு ஒரு ஸ்டாரும் போடுங்க!"