மூக்குக்குள் ஒரு காராமணி

காலை வெயில் சமையலறைத் தரையில் சாய்ந்து விழுகிறது. டப்பாவில் அடைத்து விற்பதை வாங்குவானேன், வீட்டிலேயே வேகவைப்போம் என்று அம்மா நேற்று ஊறப்போட்ட காராமணி, பாத்திரத்தில் இரண்டு மடங்காக உப்பிக் கிடக்கிறது. மீதியிருந்த பொட்டலத்தைத் தரையில் கொட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும் மகள், வலது மூக்கைத் தொட்டு, "உள்ள போச்சு" என்று சிரிக்கிறாள். அம்மாவின் கண் பாத்திரத்துக்குப் போய்த் திரும்புகிறது. அந்த ஈர மூக்குக்குள் ஒரு விதை இந்நேரம் ஊற ஆரம்பித்திருக்கும். அதை எடுக்க அம்மா விரலை நீட்டுகிறாள். "கைய வைக்காதீங்க அண்ணி, இன்னும் உள்ள போயிரும்!" நர்ஸாக இருக்கும் நாத்தனார் ஓடிவந்து, குழந்தையை மடியில் சாய்த்து, இடது மூக்கை அழுத்தி மூடுகிறாள். "அவ வாயோட வாய் வச்சு ஒரே ஊதா ஊதுங்க." அம்மா ஊதுகிறாள். ஒன்றும் வரவில்லை. குழந்தையின் முகம் சிவக்கிறது. இன்னொரு முறை ஊதுகிறாள். ஈரமாக ஏதோ அவள் கன்னத்தில் வந்து ஒட்டுகிறது. எடுத்துப் பார்த்தால், தோல் சுருங்கத் தொடங்கிய ஒரு காராமணி. "அப்பாடா" என்று நாத்தனார் பெருமூச்சு விடுகிறாள். அம்மாவுக்கு இன்னும் மூச்சு வரவில்லை. "எத்தன போட்ட, கண்ணு?" என்று கேட்கிறாள். எண்ணத் தெரியாத மகள் கொஞ்சம் யோசித்து, ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டுகிறாள்.