பேர் பார்க்கக் கூடாது

"418ஆம் ஓடர். நீர் கட்டின மூண்டு பொதியும் வழியில காணாமல் போச்சு. நாலாவதை நான் கட்டினன், ஒழுங்காப் போய்ச் சேந்திட்டுது. அப்ப கள்ளர் ஆர்?"

முதலாளி சிறீதரன் போட்ட சத்தத்தில், சுவிஸின் ஊஸ்டர் நகரில் இருந்த அவரது கிடங்கே அதிர்ந்தது. பொதி கட்டும் தயாநிதி கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றாள்.

அவர் விற்பது, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் செயற்கைப் பெப்டைட் தூள். ஒரு ஊசி போட்டால் எட்டு நாள் உடம்பிலேயே நிற்கும் வகை. குப்பியில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும்: 'ஆய்வுகூட எலிகளுக்கு மட்டும். மனிதருக்கு அல்ல.'

வாங்குகிற சனம் எல்லாம் வீட்டில் எலியா வளர்க்கிறது? அவருக்கும் தெரியும். அதனால்தான் கிடங்கில் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஓடர் நம்பரை மட்டும் பார்க்க வேண்டும். பேரைப் பார்க்கவும் கூடாது, கதைக்கவும் கூடாது.

"அண்ணை, இந்தப் பேரை ஒருக்காப் பாருங்கோ எண்டு நான் ரெண்டு தரம் சொன்னனான்..."

"பேர் பாத்தாப் பொறுப்பு வரும் எண்டு நானும் எத்தினை தரம் சொன்னனான்! பொலிசுக்குப் போன் அடிச்சனெண்டா உம்மட வதிவிட பெர்மிட் என்னாகும் தெரியுமோ?"

அவள் முகம் செத்துப்போனது. இரண்டு பிள்ளைகளோடு இந்த வேலையை நம்பித்தான் சுவிஸில் நிற்கிறாள், பாவம்.

கைபேசி அடித்தது. மனைவி யசோதரா.

"இஞ்சேருங்கோ, அபிஷனுக்கு முகம், கையெல்லாம் வீங்கிக் கிடக்கு. தலையிடியில துடிக்கிறான்."

"பள்ளிக்கூடம் போகப் பஞ்சியில நடிக்கிறான். நான் இஞ்ச ஒரு கள்ளியோட மல்லுக்கட்டுறன், வையும்."

வைத்துவிட்டுத் தயாநிதியின் அலுமாரியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மூன்று பெட்டிகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"களவெடுத்ததை விக்கவும் தெரியேல்லையோ உமக்கு?"

நக்கலாகச் சிரித்தபடி ஒன்றைப் புரட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லேபிளில் பேரை வாசித்தார்.

அபிஷன் சிறீதரன். தபாற்கந்தோரில் வந்து எடுத்துக்கொள்வார்.

மற்ற இரண்டையும் பிடுங்கிப் பார்த்தார். அதே பேர்.

"வகுப்பில நான்தான் ஆகக் கட்டை அப்பா" என்று போன வருசம் அழுத பிள்ளை. "வளருவாய், போடா" என்று தட்டிக்கழித்தவர் இவர்தான். "நான் ஒருத்தற்ர பேரும் பாக்கிறேல்லை" என்று சாப்பாட்டு மேசையில் பெருமை அடித்தவரும் இவர்தானே!

மறுபடி கைபேசி. யசோதரா குழறினாள்.

"கண் தெரியேல்லை எண்டு கத்துறானப்பா! அம்புலன்சில போறம். வயித்தில எல்லாம் ஊசி குத்தின அடையாளம். என்ன மருந்து எண்டு கேக்கினம், இவன் வாய் திறக்கிறானில்லை!"

எட்டு நாள். போட்டதை இனி ஆராலும் திரும்ப உறிஞ்சி எடுக்க ஏலாது. அது அவரை விட வேறு ஆருக்குத் தெரியும்?

பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார்.

"மூண்டை மறிச்சனீர்தானே, தயாநிதி! அந்த நாலாவதை மட்டும் ஏன் விட்டனீர்?"

அவளும் அழுதாள்.

"அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல், அண்ணை. அதை நீங்கள்தானே கட்டினீங்கள்."