நாலு பத்து ரயில்

தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளுக்குத் தடுப்புச் சுவர் கட்டுமுன் சத்தத்தை அளக்க வந்தவர், பூரணத்தின் வாசலில் கருவியை நிறுத்திவிட்டு, "ரயில் போறப்போ யாரும் பேசாதீங்கம்மா, அளவு தப்பாயிடும்" என்றார். "அப்ப நான் எப்பப் பேசறது?" என்று அவள் முணுமுணுத்தது அவருக்கு விளங்கவில்லை. காதலித்தவனோடு போய்விட்ட மகளின் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது கணவர் மாசிலாமணியின் கட்டளை. பதினோரு வருடங்களாக, நாலு பத்து ரயில் வீட்டை அதிரவைக்கும் அந்த அரை நிமிடத்தில் மட்டும், அவருக்குக் காபி ஆற்றியபடியே அவள் மகளின் பெயரைச் சொல்லிவந்தாள். அன்று மட்டும் சொல்லவில்லை. கருவி தொண்ணூற்றிரண்டு டெசிபல் காட்டியது.

ஆறு மாதத்தில் சுவர் எழுந்தது. முதல் நாள், நாலு பத்துக்குத் தரை வழக்கம்போல அதிர்ந்தது. காபியை ஆற்றிக்கொண்டிருந்த பூரணம் பழக்கத்தில் வாய் திறந்துவிட்டாள். "மலர்விழி." கூடம் முழுக்கக் கேட்டது. அவள் கையில் டம்ளர் அப்படியே நின்றது. சுவருக்கு அப்பால் ரயில் பூனைபோலப் போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் காபிக்குக் காத்திருந்த மாசிலாமணி நிமிர்ந்தார்.

"ரயில் சத்தத்துல சரியாக் கேக்கல," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."