குறைகளுக்கு ஈடாக

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரும் அவர் மனைவியும் பதினோரு வருடங்களாக எந்த ஹோட்டலிலும் முழு வாடகை கொடுத்ததில்லை. சிக்கனம் என்று அவர் சொல்வார். ஹோட்டல்காரர்கள் வேறு வார்த்தை சொல்வார்கள்.

முறை எளிது. சீசன் முடிந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் ஹோட்டலாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்க வேண்டும். இரண்டாம் வேளைச் சாப்பாட்டில், மாத்திரை டப்பாவில் கொண்டுபோன செத்த கரப்பான்பூச்சி மிதக்கும். அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். ஐயா பேனாவைத் திறப்பார். பாதி மேனேஜர்கள் அங்கேயே சரணடைந்துவிடுவார்கள். மீதிப் பேர் புகாரின் இரண்டாம் பக்கத்தில்.

இந்த முறை தேவை கொஞ்சம் பெரிது. ஞாயிற்றுக்கிழமை மகளின் வருங்கால மாமனார் மாமியார் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். பெரிய குடும்பம் என்று அவர்களிடம் சொல்லிவைத்தாயிற்று. வீட்டில் பெரிதாக இருந்தது ஐயாவின் பேச்சு மட்டும்தான். இந்தச் சம்பந்தம் கைநழுவினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அம்மாளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

ஏரிக்கரைப் பங்களா ஹோட்டலின் வாசலில், மழையில், ஐந்து நிமிடம் ஹாரன் அடித்த பிறகு கோட்டு போட்ட ஒருவர் வெளியே வந்தார். கோட்டு அவருக்கு இரண்டு அளவு பெரிது.

"ரூம் இருக்கா?"

அவர் காரைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இருக்கு சார்," என்றார் கடைசியில். "நான்தான் மேனேஜர்."

பதினோரு வருட அனுபவத்தில் அதைப்போல மட்டமான ஹோட்டலை அவர்கள் பார்த்ததில்லை. வெந்நீர் வரவில்லை. விளக்கு சுவிட்சைத் தேடி மேனேஜரே சுவரைத் தடவினார். சமையல்காரருக்கு முட்டையைத் தவிர எதுவும் தெரியவில்லை. முட்டையும் சுமாராகத்தான் தெரிந்தது. கூடத்தில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. பின்வாசலில் லாரி ஒன்றில் அலமாரிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சீசன் இல்லாத நேரம் சார். எல்லாத்தையும் பாலிஷுக்கு அனுப்பறோம்."

"எங்களையும் சேர்த்து ஏத்திடுங்க. நாங்களும் பாலிஷ் போட்டுக்கிட்டு வரோம்," என்றார் தலைமை எழுத்தர்.

மறுநாள் காலை ஆம்லெட்டில் ஏற்கெனவே ஒரு கரப்பான்பூச்சி இருந்தது. உள்ளூர்ச் சரக்கு. கொண்டுவந்த சரக்குக்கு வேலையே இல்லாமல் போனதில் அம்மாளுக்குச் சற்று வருத்தம்தான். இருந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க முதலாளி நம்பரைக் கொடுங்க," என்று ஐயா பேனாவைத் திறந்தார்.

மேனேஜரின் முகம் வெளிறியது. "வேண்டாம் சார். நீங்க வாடகையே தர வேண்டாம். முதலாளிக்கு மட்டும் போன் போட்டுடாதீங்க."

"வாடகை கேக்க உங்களுக்கு வாய் வேற வருமா? இவளுக்கு வந்த மன உளைச்சலுக்கு என்ன பதில் சொல்றீங்க?"

அம்மாள் மன உளைச்சலோடு மூலை மேஜையைப் பார்த்தாள். அதன்மேல் வெள்ளியில் ஒரு டீ செட் இருந்தது. பக்கத்தில் பூ வேலை செய்த கம்பளம் ஒன்றைச் சுருட்டிச் சாத்தியிருந்தார்கள்.

"ரெண்டையும் எடுத்துக்குங்க மேடம்," என்றார் மேனேஜர்.

கரும்பு தின்னக் கூலியும் கொடுக்கிற மேனேஜரை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு உதவி சார். சாமான் குறைஞ்சா முதலாளி என்னைத்தான் திருடன்னு நினைப்பார். நீங்கதான் எடுத்துக்கிட்டீங்கன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா என் தலை தப்பும்."

முப்பது வருடம் கோப்பு எழுதிய கை, இரண்டு வரியோடு நிற்குமா? 'மேற்படி விடுதியின் குறைகளுக்கு ஈடாக, வெள்ளி டீ செட் ஒன்றையும் கம்பளம் ஒன்றையும், எவருடைய தூண்டுதலுமின்றி, முழு மனதுடன் நானே எடுத்துச் செல்கிறேன்' என்று எழுதி, தேதி, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் போட்டு, கையெழுத்துக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடும் இழுத்தார். மேனேஜர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். சாமானைக் காரில் ஏற்றிக் கொடுத்தது சமையல்காரர். இவ்வளவு ஏமாளிகள் ஹோட்டல் தொழிலில் எப்படித்தான் பிழைக்கப் போகிறார்களோ என்று வழியெல்லாம் அம்மாள் பரிதாபப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, கம்பளத்தில் கால் வைத்ததுமே சம்பந்தியம்மாளின் முகம் மலர்ந்தது. வெள்ளி டீ செட் வந்ததும் கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"பரம்பரைச் சொத்து," என்றார் தலைமை எழுத்தர், அடக்கமாக.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் தலைமை எழுத்தரின் கடிதம். கூடவே கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. இன்ஸ்பெக்டர் மேஜையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தலையாட்டிக்கொண்டார்.

"சரி. மீதியெல்லாம் எங்க சார்?"

"எந்த மீதி?"

"ஒரு லாரி சாமான். அத்தனையையும் அள்ளிட்டு, இது ரெண்டுக்கு மட்டும் பொறுப்பா எழுதி வெச்சிட்டு வந்திருக்கீங்க."

சம்பந்தியம்மாள் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், இந்த முறை நிஜமாகவே.

"அதெல்லாம் பாலிஷுக்குப் போயிருக்கு," என்றார் தலைமை எழுத்தர். "என்னை ஏன் கேக்கறீங்க? அந்த ஹோட்டல் மேனேஜரைக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்ற பெண்மணியின் பக்கம் திரும்பினார்.

"மழைக்காலம் முழுக்க எங்க ஹோட்டலைப் பூட்டித்தானே வெச்சிருப்போம், சார்," என்றார் மேனேஜர், கண்ணாடியைச் சரிசெய்தபடி.