சங்கம் வாங்கி வந்த திருத்தம்

பாம்பரசர் ஒவ்வொரு கூட்டிலும் புகுந்து தினம் இரண்டு முட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வரப்போகும் செய்தி பரவியது. கோழிகள் சங்கம் தன் தலைவரான சேவலை அரசவைக்குத் தூது அனுப்பியது. புள்ளிக்கோழி அடைகாத்ததில் மிச்சமிருந்ததே இரண்டு முட்டைதான்.

கழுத்தில் மாலையோடு சேவல் திரும்பி வந்தது.

“வெற்றி! திருத்தம் வாங்கிட்டேன். இனிமே அரசர் நம்ம கூட்டுக்குள்ள நுழைய மாட்டார். முட்டையை நாமே கொண்டுபோய்க் கொடுத்துடலாம்!”

கோழிகள் சிறகடித்து ஆரவாரம் செய்தன.

“எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னீங்களா?” என்று கேட்டது புள்ளிக்கோழி.

“சேச்சே! அதைப் பேசினா உறவு கெட்டுப்போகும்மா. எவ்வளவு பாடுபட்டு வளர்த்த உறவு!”

புள்ளிக்கோழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு முட்டைகள்மேல் இன்னும் அழுந்த உட்கார்ந்தது.

“அப்படிங்களா தலைவரே? அப்போ அந்த உறவுக்கு வேண்டிய முட்டையை நீங்களே போட்டு எடுத்துட்டுப் போங்க.”